கல்லில் ஊறிய தண்ணீர்

வுப்பர்டால் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது சிவநேசன் அண்ணையின் மனைவி, அக்கா, அழைத்தார். "அவர் போயிட்டார் பிள்ளை. நித்திரையிலேயே," என்றார். வந்த ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டோர்ட்மண்ட் தமிழர்களே, சிவநேசன் அண்ணையை உங்களுக்குத் தெரியும். கோயில் தேர்ச் சில்லு இறுகிக்கொண்டால் அவரைத்தான் தேடுவீர்கள். ஜெர்மனிக்கு வந்தபின் நான் அவரை அறிந்தது அருங்காட்சியகத்தில். நான் அங்கே ஆய்வாளர். அவர் காட்சிப் பெட்டிகளும் மாதிரிகளும் செய்பவர். பழங்காலக் கானானியரின் வழிபாடு பற்றிய கண்காட்சிக்காகச் சேர்ந்து வேலை செய்தோம்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். பைபிளில் வரும் கானானியரின் தெய்வம் பாகால் என்றாலே பொய்த்தெய்வம் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவள். எவ்வளவு படித்தும் அந்தப் புத்தி போகவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கான குறிப்பில், 'கானானியர் கல்லை வணங்கினார்கள்' என்று எழுதிவைத்தேன். அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார்.

"எங்கட கோயிலைப் பற்றி ஒருத்தர் இப்பிடி எழுதினா நல்லா இருக்குமோ, பிள்ளை? கல்லிலை வந்து இருக்கிறவரைக் கும்பிட்டவை எண்டு எழுதுங்கோ."

வெட்கமாகப் போயிற்று. திருத்தி எழுதினேன்.

சிரியாவில் இருந்த பழைய உகாரித் நகரத்துக் களிமண் பலகை ஒன்றைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அரசர் இறந்தால், அவருக்கு முன் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துப் பலி கொடுப்பார்கள். அண்ணை தூரிகையைக் கீழே வைத்தார்.

"செத்ததோ இல்லையோ எண்டு தெரியாதவையையும் கூப்பிடுவினமோ?"

"இல்லண்ணே, இறந்தவங்களை மட்டும்தான். டெக்ஸ்ட் க்ளியரா இருக்கு," என்றேன். பாவி நான், ஏன் கேட்கிறார் என்று கேட்கவில்லை.

அவருடைய தம்பி இரவி போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். பிறகு அக்காதான் சொன்னார். திவசம் கொடுப்போம் என்று அக்கா வருடா வருடம் கெஞ்சுவாராம். அண்ணை மறுத்துவிடுவாராம். "என்ரை வாயாலை அவனைச் சாகடிக்க ஏலாது" என்பாராம்.

கண்காட்சியின் கடைசி நாள், பார்வையாளர்கள் போன பிறகு, தான் பிளாஸ்டரில் செய்த கானானிய நடுகல் மாதிரியின் முன்னால் போய் நின்றார்.

"இது நான் செய்த கல்தானே. கொஞ்சம் தண்ணி தாறியளோ?"

கூடத்துக்குள் தண்ணீர் கொண்டுவராதே என்று எல்லோரையும் விரட்டுகிறவள் நான். என் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். "இரவி," என்றார். ஒரே ஒரு தரம். தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கூப்பிட்டாச் செத்தவன் எண்டு அர்த்தமில்லைத்தானே, பிள்ளை?"

அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பூச்சில்லாத பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக் கறைபட்டுவிட்டது. மறுநாள் மேலாளர் விசாரித்தபோது நான்தான் சிந்தினேன் என்றேன். குப்பைக்குப் போகவிருந்த அந்தக் கல்லைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஊரிலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "பாகாலையாடி வீட்டுல வச்சிருக்க?" என்று திட்டினாள். அண்ணையிடம் சொன்னேன், அன்றைக்குச் சிரித்தார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கல்தான். நேற்று, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், பழைய கறையின்மேலேயே தண்ணீர் ஊற்றினேன். முதலில் இரவியைக் கூப்பிட்டேன். பிறகு அண்ணையை. கல் குடித்து முடிக்கும்வரை நின்று, அன்று அவர் கேட்டதற்குச் சொல்ல வராத பதிலைச் சொன்னேன்.

"கூப்பிடலாம் அண்ணே. எங்க இருந்தாலும் கூப்பிடலாம்."