இருக்கிற ஆட்களே போதும்

இல்லாத ஆட்களைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, இருக்கிற ஆட்களிடம் திட்டு வாங்குவதுதான் நகராட்சியில் பணியாளர் பிரிவு குமாஸ்தாவின் உத்தியோகம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் செங்கல்பட்டுப் பக்கத்து நகராட்சி ஒன்றில் நான் அதைத்தான் செய்தேன். ஒருவர் ஓய்வு பெற்றால் அவர் வேலை பக்கத்துச் சீட்டுக்காரர் தலையில் விழும். எந்த ஆபீஸில் இருந்தாலும் உங்களுக்கும் இது தெரிந்த கதைதான். ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு படியுங்கள்.

மூன்று மேஜை, ஒரு ஆள்

புது ஆள் எடுக்கத் தடை இருந்த வருஷங்களில் பிறப்பு இறப்புப் பதிவு, குடிநீர் வரி என்று இன்னும் இரண்டு சீட்டும் எனக்கே வந்தன. ரிஜிஸ்தர், சீல், இங்க் பேட் எல்லாம் அந்தந்த மேஜையில்தான் இருக்கும். எதையும் இடம் மாற்றக் கூடாது என்பது எங்கள் மேனேஜரின் சட்டம். அதனால் நான்தான் மாறி மாறி உட்கார வேண்டும்.

கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்தார். மனுவை வாங்கிக்கொண்டு, "அந்த மேஜைக்குப் போங்க" என்றேன். அவர் போய் நின்றார். நானும் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தேன். பதிவைத் தேடி எழுதிவிட்டு, "இப்ப பழைய மேஜைக்கு வாங்க, நம்பர் போடணும்" என்றேன். மறுபடி சீலுக்காக நான் எழுந்தபோது மனுஷர் நடக்க மறுத்துவிட்டார். "சார், அந்த மேஜைக்காரரும் இந்த மேஜைக்காரரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

காலியாக இருந்த வார்டு

அஞ்சலை தினக்கூலித் துப்புரவுப் பணியாளர். திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து விடியுமுன் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போன வார்டை ஒன்பது வருஷமாகத் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிரந்தரமாக்க வேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர்தான் முதல். காலியிடங்களை நிரப்ப மேலிடம் சம்மதித்தால் அவருக்கு மாதச் சம்பளம் வந்துவிடும். அதுவரை ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. காய்ச்சலிலும் துடைப்பத்தோடு நிற்பார்.

மாதாமாதம் நான் அனுப்பும் அறிக்கையில் அந்த வார்டுக்கு நேராக 'காலி' என்று இருக்கும். ஒருநாள் அவர் வந்து விசாரித்தபோது அதைப் படித்துக் காட்டினேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இன்னா சார் இது, காலியா கீதுன்னு எழுதிக்கீற? அப்ப தெனம் பெருக்கினு கீறது நானா, என் ஆவியா?"

பளிச்சென்ற ரோடு

காலியிடங்களை நிரப்பலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பெரிய அதிகாரி வந்தால் எல்லா வார்டு ஆட்களையும் அவர் வரும் ரோட்டில் கொண்டுவந்து இறக்குவது எங்கள் வழக்கம். 'ஆள் போதவில்லை' என்று கோப்பு தயாரித்த அதே கையால், 'அனைவரும் மெயின் ரோட்டுக்கு வரவும்' என்ற உத்தரவையும் நானே எழுதினேன். யோசிக்கவே இல்லை, பழக்க தோஷம்.

அன்றைக்கு அஞ்சலைதான் எல்லோரையும் விடச் சுத்தமாகப் பெருக்கினார். இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு வேறு. அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை, முகமெல்லாம் சிரிப்பு. கோப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பிரமாதமா வெச்சிருக்கீங்களே! இருக்கிற ஆட்களே போதும்."

மெமோ

அஞ்சலையிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவ்வளவு வெட்கம். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சர்தான் வுடு சார்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து வேறோர் அதிகாரி வந்தார். இந்தத் தடவை அந்த உத்தரவை நான் எழுதவில்லை. அவரவர் அவரவர் வார்டிலேயே வேலை பார்த்தார்கள். மெயின் ரோட்டுப் பணியிடங்களும் காலிதான் என்பதால் அங்கே வாழைமட்டையும் மீன் செதிலும் கிடந்தபடியே கிடந்தன. அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, இதற்கு ஆளே கிடையாதா என்று கத்தினார். காலியிடப் பட்டியலை நீட்டினேன். ஜீப் மேலேயே வைத்து, நிரப்பச் சொல்லிக் குறிப்பு எழுதினார். மறுநாள் மேனேஜர் எனக்கு மெமோ கொடுத்தார். "ஏன்யா, வருஷக்கணக்கா எழுதற உத்தரவு, அன்னிக்கு மட்டும் எப்படிய்யா மறந்துபோச்சு?"

ஒரு லீவு

நியமன ஆணையை அஞ்சலையின் கையில் நானே கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார் என நினைத்தேன். சம்பளம் பிடிக்காத லீவு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாளைக்கே ஒண்ணு எழுதிக்க சார். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மா வூட்ல குந்திகினு, வெயில் வந்தா என் வூடு எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

மறுநாள் அந்த வார்டில் குப்பை அள்ள ஆள் வரவில்லை என்று வந்த புகார்தான், என் சர்வீஸில் நான் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட ஒரே புகார்.