சரியான பிழை

அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் தடம். நடுவில் என் கையெழுத்தில் நான்கு வரிகள்: ஒன்று, குறைவு. இரண்டு, குறைவு. மூன்று, சரி. நான்கு, குறைவு. ‘சரி’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறேன். அந்த இரண்டு கோட்டைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிவிடும்.

அது அண்ணையின் காரைப் பற்றிய பக்கம். அண்ணை என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. குரோருட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு நேர் கீழே இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் டிப்போவில் என்ஜின் மெக்கானிக். வயதில் என்னைவிட நாலைந்து மாதம்தான் மூத்தவராக இருப்பார். நான் திருச்சியிலிருந்து மென்பொருள் வேலைக்கு ஒஸ்லோ வந்து இறங்கிய புதிதில் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டேன். “என்ன சார் மோர் எண்டு கொண்டு? அண்ணை எண்டு கூப்பிடும்” என்றார். அவர் என்னை ‘நீர்’ என்றார். முதல் வாரம் முழுக்க அது எனக்குப் புராணப் படம் பார்க்கிற மாதிரியே இருந்தது. நான் பேசுவது அவருக்கு ஒரு சொல் விடாமல் புரியும். எங்கள் ஊர்ப் படங்களைப் பார்த்தே வளர்ந்தவர். அவர் பேசுவதில் எனக்குப் பாதி புரியாது. தமிழனுக்குத் தமிழ் புரியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே எல்லாவற்றுக்கும் “சரிண்ணே, சரிண்ணே” என்று தலையாட்டிவிடுவேன். இந்தத் தலையாட்டல்தான் எல்லா வினைக்கும் காரணம்.

அண்ணையிடம் ஒரு பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, தாழ்ந்த உடம்பு, உள்ளே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். சாலையில் ஓட்டுவதற்கு அல்ல, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கு. அதன் என்ஜினில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு த்ராட்டில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சாதாரணமாக என்ஜினுக்குக் காற்று போகும் வாசல் ஒன்றுதான். ஒரு தெருக்குழாயில் நாலு வீடு தண்ணீர் பிடிப்பதைப் போல நாலு சிலிண்டரும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு குழாய் போட்டுவிட்டால்? காலை வைத்த மாத்திரத்தில் என்ஜின் சீறும். ஆனால் நான்கு குழாயும் ஒரே அளவு திறக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வண்டி முக்கும், இருமும், நிற்கும். அந்த நான்கு வாசலையும் அவர் ‘ஸ்பியெல்ட்’ என்று நோர்வேஜிய மொழியில் சொல்வார், நான் ‘த்ராட்டில்’ என்பேன். இரண்டு தமிழர்கள் சேர்ந்து வேலை செய்ய இரண்டு அந்நிய மொழிகள் தேவைப்பட்டன.

இடத்துக்காக அவர் குடியிருப்பின் நிர்வாகக் குழுவிடம் நடையாய் நடந்தார். கடைசிக் கராஜ் ஒன்று பழைய சாமான் போட்டு மூடிக் கிடந்தது. சத்தமும் புகையும் வராது என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகு, குளிர்காலம் முடியும்வரை அதைத் தந்தார்கள். தடிமனான அலுமினியத்தில் இணைப்புத் தகடு வெட்டினார். நான்கு வாசலையும் வரிசையாகப் பொருத்தினார். நான்கையும் ஒன்றாக இழுக்கும் கம்பியைத் தானே வளைத்துச் செய்தார். என்ஜின் கணினிக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று சொல்லிக்கொடுக்கும் அட்டவணை மட்டும் என் பொறுப்பு. சனி, ஞாயிறுகளில் அவர் பானெட்டுக்குள் தலையை விட்டிருப்பார், நான் மடிக்கணினியோடு இருக்கையில் முடங்கியிருப்பேன். அந்தக் குளிர்காலம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்ஜின் முதன்முறையாக நிற்காமல் ஓடியது. காற்றை அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. அண்ணை அதைத் தொடவில்லை. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு வாசலிலும் பிடித்து அது மூச்சிழுக்கும் ஓசையைக் கேட்டார். டிப்போவில் அவர் காதைத்தான் எல்லோரும் நம்புவார்களாம். “மெஷின் பிறகு சொல்லட்டும், முதல் நான் சொல்லுறன்” என்பார். கேட்டு முடித்து நிமிர்ந்தார்.

“ஒண்டும் ரெண்டும் நாலும் ஒரே மாதிரி. மூண்டு சரியா இழுக்குது.”

அந்த ‘சரியா’வை ஒரு நீட்டு நீட்டினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். உடனே குறிப்பேட்டில் எழுதி இரண்டு கோடும் போட்டேன். போடும்போதே ஒரு குழப்பம்: மூன்று வாசல் ஒரே மாதிரி இருக்கிறது, ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது, அந்த ஒன்று எப்படிச் சரியாகும்? கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் அவருக்கு டிப்போவுக்கு நேரமாகிவிட்டது. “மிச்சத்தை ஆறுதலாப் பாப்பம்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஆறுதலா? யாருக்கு என்ன துக்கம்? அவசரமில்லாமல் என்ற அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. “சரிண்ணே” என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை அவருக்குக் காலை வேலை. வந்து பார்க்கும்போது அசந்துபோகட்டும் என்று நான் தனியாகக் கராஜுக்குப் போனேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். அண்ணை சொன்னது உண்மை. மூன்றாவது மட்டும் தனியாக நின்றது. ஆகா, என்ன காது இந்த மனிதருக்கு என்று வியந்துகொண்டே மற்ற மூன்றின் திருகாணிகளையும் திருப்பி மூன்றாவதன் அளவுக்கு ஏற்றினேன். பூட்டு நட்டுகளை நேர்த்தியாக இறுக்கினேன். நான்கும் அச்சு அசலாக ஒன்று. ஆனால் என்ஜின் சும்மா நிற்கும்போதே அலறியது. இறங்கவே மாட்டேன் என்றது. வாசல் திறப்பு கூடிவிட்டது என்று யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை, அதைத்தான் அண்ணை ‘சரி’ என்று சொல்லிவிட்டாரே! அப்படியானால் தப்பு என் அட்டவணையில்தான் என்று தீப்பொறி நேரத்தைத் தள்ளிப் போட்டேன், இன்னும் தள்ளினேன். அலறல் அடங்கியது. சூடாகட்டும் என்று ஓடவிட்டுக் காப்பி எடுக்க மேலே போனேன்.

பொறியைத் தள்ளிப் போட்டால் நெருப்பு சிலிண்டரில் முடியாமல் புகைக்குழாயில் போய் எரியும். இதைப் பாடமாகப் படித்தவன்தான் நான். குழாய் செக்கச்செவேல் என்று பழுத்து, பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பழைய கம்பளம் புகைந்து, அபாய மணி அலறி, மூன்று மாடிக் கட்டடங்களிலிருந்தும் சனம் குழந்தை குட்டிகளோடு பனியில் வந்து நின்றது. தீயணைப்பு வண்டி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, காருக்கும் பெரிய சேதமில்லை. காப்பிக் கோப்பையோடு நான் நின்ற நிற்பைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

அண்ணை டிப்போ உடுப்போடு ஓடி வந்தார். எல்லோரும் கலைந்த பிறகு கதவை அகலத் திறந்து வைத்து ஒரு நிமிடம் என்ஜினை ஓட்டினார். குழாயைக் காதில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி மூன்று. பிறகு என் மீட்டரை வாங்கி நான்கிலும் வைத்துப் பார்த்தார். “நாலும் ஒண்டுதான்” என்றார் மெல்ல. “ஆமாண்ணே, கரெக்டா இருக்குல்ல?” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. நான் திருகாணியைத் திருப்பியதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை ஐயா, அவர் சொன்னதைத்தானே செய்தேன், அதைத் தனியாக ஏன் சொல்ல வேண்டும்? அவர் என்ஜினை நிறுத்தினார். ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்தார். பிறகு சொன்னார்: “சரியான பிழை விட்டிட்டன்.”

நிர்வாகக் குழுவிடமும் பிழை தன்னுடையதுதான் என்று அவரே சொன்னார். தீப்பொறி நேரத்தைத் தள்ளியதும் ஓடவிட்டுப் போனதும் நான். அதை அங்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. கராஜ் போயிற்று. நாலு த்ராட்டிலோடு காரை யாரோ வெளியூர்க்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் அண்ணை லில்லெஸ்ட்ரோமுக்கு வீடு மாறினார். டிப்போவிலும் என்ஜின் பகுதியை விட்டு உதிரிப்பாகக் களஞ்சியத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பதவி உயர்வு என்று நினைத்து வாழ்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. கோபமா? கோபம் என்றால் என்னை ஏன் காப்பாற்றினார்? தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

ஆனால் ‘சரியான பிழை’ மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. சில பிழைகள் சரியானவை, செய்தே ஆக வேண்டியவை என்று எவ்வளவு பெரிய விஷயத்தை இந்த மனிதர் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்! அலுவலகக் கூட்டங்களில் ஆங்கிலத்தில் எடுத்துவிட்டேன். என் நோர்வேஜிய மேலாளர் அதை வெள்ளைப் பலகையின் மூலையில் எழுதி, யாரும் அழிக்கக்கூடாது என்று கட்டம் கட்டினார். மூன்று குளிர்காலம் அது அங்கேயே இருந்தது.

போன மாதம் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் நகரும் படிக்கட்டில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பைகளோடு நின்றிருந்தார்கள். ஒருவர் அலுத்துக்கொண்டார்: “சரியான சனமடியப்பா. இண்டைக்கு வெளிக்கிட்டது சரியான பிழை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே போனதும் துரத்திப் போய், “மன்னிக்கணும்க்கா, சரியான பிழைன்னா என்னங்க?” என்று கேட்டேன். இந்த ஆளுக்கு என்ன வந்தது என்பது மாதிரி பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “இந்தியாவோ? சரியான பிழை எண்டா பெரிய பிழை. சரியான எண்டா வலு கூட. சரியான குளிர், சரியான விலை எண்டு நீங்கள் சொல்லுறேல்லையே?” சரியான குளிர் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குளிர் நாட்டில் குளிர் சரியாகத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன், மடையன்.

அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று சரியா இழுக்குது. மூன்று அளவுக்கு மீறி இழுக்கிறது. ஒரே ஒரு திருகாணியைக் கொஞ்சம் மூடியிருந்தால் போதும். நான் சரியாக இருந்த மற்ற மூன்றையும் கெடுத்து வைத்தேன். அப்படியானால் மறுநாள் நான்கும் ஒன்றாகக் கேட்டபோது அவர் என்ன நினைத்திருப்பார்? நான் திருப்பியது அவருக்குத் தெரியாதே. அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது. அடுத்த ரயிலைப் பிடித்து லில்லெஸ்ட்ரோமில் இறங்கினேன்.

முன்பு வாழ்த்து அனுப்பிய முகவரிக்கே போய் மணியடித்தேன். அண்ணை கதவைத் திறந்தார். தலை நரைத்திருந்தது. “வாரும், இரும்” என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் உட்காரவில்லை. “அண்ணே, அன்னிக்கு ஒண்ணையும் ரெண்டையும் நாலையும் நான்தான் திருப்பினேன். மூணாவது கரெக்டுன்னு நீங்க சொன்னதா நெனச்சு, மத்ததை அதுக்கு ஏத்திட்டேன்.”

“எப்ப திருப்பினனீர்?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி. காலைல.”

அவர் கை அவரை அறியாமல் காதுக்குப் போனது. “அப்ப முதல்நாள் எனக்குக் கேட்டது...?”

“கேட்டது உண்மைதாண்ணே. மீட்டரும் அதையேதான் காட்டிச்சு.”

“காது போயிட்டுது எண்டுதானேயப்பா நான் எஞ்சினை விட்டனான். டொக்டர் ஒரு பிழையும் இல்லை எண்டவர், நான் நம்பேல்லை. பஸ்ஸில சனம் ஏறுது, இந்தக் காதை நம்பி எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது எண்டு நானே எழுதிக் குடுத்திட்டுப் போய்ப் பெட்டி அடுக்கினனான். மூண்டு வருசம். பெட்டி!”

பிறகு ஆரம்பித்தார். மடையா, விசரா என்று தொடங்கி, திருகாணியைத் தொட்டவன் சொல்ல வேண்டாமோ, விளங்காட்டி வாயைத் திறந்து கேட்க வேண்டாமோ, ஆட்டுறதுக்கோ தலை இருக்கு என்று, இரண்டாம் மாடி வரைக்கும் கேட்கிற குரலில். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. “திங்கக்கிழமை போறன். போய், என்ரை எஞ்சின் வேலையைத் தா எண்டு கேக்கப் போறன்” என்றார் நடுவில், அதையும் திட்டுகிற குரலிலேயே.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தார். “என்னப்பா, வீட்டுக்கு வந்த மனிசனை ஏன் பேசுறியள்?”

“பேசாமல்? இவனைச் சரியாப் பேசவேணும்!”

வழக்கம்போல என் தலை ஆடப் பார்த்தது. நிறுத்தினேன்.

“அண்ணே,” என்றேன், “சரியான்னா எந்தச் சரி? பேசுறதுன்னா எந்தப் பேச்சு?”