டியூக்குக்காக நான் வாயைத் திறந்த கதை

எனக்குக் குதிரை என்றால் பயம். பதினோரு வருஷம் அயர்லாந்தில் குதிரைப் பண்ணையில் வேலை பார்த்த அமிர்தராஜ் இப்படிச் சொல்வது கௌரவமில்லைதான். ஏஜென்ட் "குதிரை அனுபவம் உண்டா?" என்று கேட்டபோது "உண்டுங்க" என்றேன். சின்ன வயதில் திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஜட்கா வண்டியில் போயிருக்கிறேன். அதுவும் பின்னால் உட்கார்ந்து.

அங்கே என் பொறுப்பில் இருந்தவன் டியூக் என்ற பொலிகுதிரை. ஒன்பது பந்தயம் ஜெயித்தவன். ஓட்டத்திலிருந்து ஓய்வு கொடுத்து, இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்தார்கள். முதல் வருஷம் தொண்ணூறு பெண் குதிரைகள் வந்தன. அவனைக் கயிற்றில் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போவது என் வேலை. யார் யாரைக் கூட்டிப்போகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

அவன் பிள்ளைகள் ஓட ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. ஒன்றுகூட அப்பனைப் போல ஓடவில்லை. ஏழாம் வருஷம் வந்தவை ஆறே குதிரைகள். பண்ணை மேலாளர் மோரா அவனை வேறொரு நாட்டுக்கு விற்க ஏற்பாடு செய்தார். அங்கே என்ன ஆவான் என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

அந்த வாரம் நான் வேலிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்தேன். தாயிடமிருந்து அப்போதுதான் பிரித்த குட்டிகள் இருந்த மைதானத்துக்குள் டியூக் புகுந்துவிட்டான். பொலிகுதிரை குட்டிகளைக் கடித்தே கொன்றுவிடக்கூடும். நான் ஓடினேன், அவனை நோக்கி அல்ல. தீவனத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்த குட்டிகள் அவனைச் சுற்றி அமைதியாக நின்றன. ஒன்று அவன் வாலை மென்றது. அவன் பாட்டுக்குப் புல் மேய்ந்தான்.

மோரா ஓடி வந்தார். எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்ததோ, தொட்டிக்குப் பின்னாலிருந்தபடியே என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன்: "மேடம், இவனை விக்காதீங்க. குட்டிங்களுக்குத் துணையா இருக்கட்டும்."

"கதவைத் திறந்து போட்டது யாரு?"

"நான்தாங்க."

"அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

மூன்று நாள் கழித்து ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் காயடிக்க வேண்டும். டாக்டர் வந்தார், கயிற்றைப் பிடிக்க என்னை நிறுத்தினார்கள். மயக்க ஊசி போட்டது டியூக்குக்கு. நின்றவன் அவன், விழுந்தவன் நான்.

போனில் இதையெல்லாம் என் மனைவி லூர்துராணியிடம் சொன்னேன்.

"குதிரைக்காகப் பேசினீங்களா? என் தங்கச்சி கல்யாணத்துல அத்தனை சண்டை நடந்தப்போ ஒரு வார்த்தை பேசலையேங்க."

புண் ஆறியதும் டியூக் குட்டிகளோடு சேர்ந்தான். அதன்பின் வருஷாவருஷம் புதுக் குட்டிகள் அவனிடம் வந்தன. நான்கு வருஷம் பார்த்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். இப்போது ஸ்ரீரங்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

போன டிசம்பரில் மோரா ஒரு வீடியோ அனுப்பினார். டியூக்குக்கு வயது பதினெட்டு. பின்னால் எட்டுக் குட்டிகள் வரிசையாக வந்தன. கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த ராணி இரண்டு தடவை பார்த்தாள்.

"முதுகுல கம்பளி போட்டிருக்காங்க. நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒருவருடைய ஆதார் கார்டைப் பின்பக்கம் மட்டும் இருபது பிரதி எடுத்து வைத்தேன்.