தமயந்தி போடாத சால்வை

செய்தி வந்தபோது நான் கம்பம் டவுனில் ஒரு கட்சிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் தம்பிக்குள் தென்னந்தோப்புத் தகராறு. போன் விடாமல் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால் வக்கீல்கள் வாட்ஸப் குழுவில் தமயந்தியின் படம், அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். பிறந்தநாள் என்று நினைத்து யாரோ ஒரு புண்ணியவான் கேக் படமும் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும், பிறந்தநாளாகவே இருந்துவிடாதா என்று எனக்கும் ஒரு நப்பாசை வந்தது. பழனிசெட்டிபட்டி வீட்டில், காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தேனியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் கோர்ட் வளாகத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. அவரோடு சண்டை போடாதவரும் இல்லை. நானும் போட்டிருக்கிறேன், ஏகத்துக்கும். இரண்டு பேரும் ஒரே வருடம்தான் கறுப்புக் கோட்டு மாட்டினோம். ஆனாலும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்டார் என்றால் எனக்கு ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று அர்த்தம். செத்துப்போனவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி, டீயைக் குடித்துவிட்டுக் கலைவது நம் வழக்கம். தமயந்தியை அப்படி அனுப்பிவைக்க எனக்கு மனசில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த நியமனம் வந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயர் நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதியாக ஒரு மூத்த வழக்கறிஞரின் பெயர் போயிருந்தது. அவர் சில வருடங்களுக்கு முன் ஒரு மேடையில், பஞ்சமி நிலம் கேட்டுப் போராடும் மக்களைப் பற்றி, "தானமாகக் கொடுத்ததை இவர்கள் உரிமை என்கிறார்கள்" என்று பேசியவர். அந்தப் பேச்சு எல்லோருடைய போனிலும் இருந்தது. இப்படிப்பட்டவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்று டெல்லிக்கு ஒரு மனு எழுதினோம். முதல் கையெழுத்து தமயந்தியுடையது. அதற்குக் கீழே நம்மில் பலர் வரிசையில் நின்று போட்டோம். கறுப்புப் பட்டை குத்திக்கொண்டோம், கோர்ட் வாசலில் கோஷம் போட்டோம். நியமனம் நிற்கவில்லை. பதவியேற்பு சங்க அறை டிவியில் ஓடியது. மறுவாரமே பட்டைகளைக் கழற்றிவிட்டு, அவரவர் வாய்தா வாங்கப் போய்விட்டோம்.

தமயந்திக்கு மட்டும் அது அதோடு முடியவில்லை. கூடலூருக்குப் பக்கத்தில் ஒரு காலனி மக்களின் வழக்கை மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் அவர் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் அது. வேறு யாரும் வாங்கக் கூடாத நிலம். குமுளி மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களை நம்பி அதில் ரிசார்ட் கட்ட ஒருவர் பத்திரம் முடித்துவிட்டார். வீடுகளை இடிக்க ஜேசிபி வந்து பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் நின்றது. தமயந்தி வாங்கி வைத்திருந்த இடைக்காலத் தடை ஒன்றுதான் அதை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது. அந்தத் தடையை நீட்டிப்பதா நீக்குவதா என்ற விசாரணை யார் முன்னால் வந்தது தெரியுமா? அதே நீதிபதி முன்னால்.

காலனிக்காகப் பேசுகிறவள் பாப்பாத்தி. தோட்ட வேலைக்குப் போகிற பெண். ஆனால் அவள் சொன்னால் அந்தத் தெருவே கேட்கும். நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு தமயந்தியின் அலுவலகத்துக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். பாப்பாத்தி சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"வக்கீலம்மா, எங்களுக்கு வேற வக்கீலு பாத்துக் குடுங்க. ஒங்க மேல கோவமில்ல. ஒங்க பேரப் பாத்தாலே அந்த ஜட்ஜு எங்க வீட்ட இடிக்கச் சொல்லிருவாகன்னு ஊரே பேசுது."

எனக்கு உள்ளுக்குள் அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. தமயந்தி பேனாவை மூடி வைத்தார். "வேற வக்கீலு வந்தா, ஜட்ஜுக்கு எதச் சொன்னா கோவம் வருமோ அதையெல்லாம் விட்டுட்டுப் பேசுவாரு. விட்டுட்டா ஒன் கேசுல மிச்சம் ஒண்ணுமில்ல, பாப்பாத்தி. நான் பயந்துட்டேன்னா ஒன்கிட்டயே வந்து சொல்லிருவேன். அது வரைக்கும் இருக்கேன்" என்றார். பாப்பாத்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவர்கள் போனபின் நான் குதித்தேன். வேறு நீதிபதி முன்னால் மாற்றச் சொல்லிக் கேட்டால் என்ன, அதற்குச் சட்டத்தில் இடமில்லையா என்று கத்தினேன். மாற்றி முடிப்பதற்குள் தடையின் காலம் முடிந்துவிடும் என்பது அவருடைய முதல் பதில். இரண்டாவது பதில்தான் என்னை உட்கார வைத்தது. "என் கேசுக்கு மட்டும் வேற ஜட்ஜ் கேட்டு வாங்கிக்கிறேன்னு வைங்க, அண்ணே. மத்தவன் கேசுக்கு அங்கன யாரு போவா? அவுக இன்னும் எத்தனையோ வருஷம் அங்கனதான் இருப்பாக. நம்ம மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அவுகளுக்குத்தான் வசதி." அதோடு விடவில்லை. வக்காலத்தில் இரண்டாவது பெயராக என் பெயரையும் எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார். போட்டேன். வேறென்ன செய்ய?

மதுரையில் அன்று பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. பாஸ் வாங்கி உள்ளே வந்து பாப்பாத்தியும் பெண்களும் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கை அழைத்ததும் எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் முந்திக்கொண்டு எழுந்தார். மனுதாரரின் வழக்கறிஞர் யார் என்பதை நீதிமன்றம் அறியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரே வரி. அதுவே போதும். நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். டெல்லிக்குப் போன அந்த மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதுதானா என்று கேட்டார்.

"ஆமாம், மை லார்ட். அதை நான் திரும்பப் பெறவில்லை. இன்று நான் கேட்பது இந்த நிலத்தைப் பற்றி" என்றார் தமயந்தி.

அந்த அறையில் எத்தனை வழக்கறிஞர்கள் இருந்தார்களோ, அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு என்று நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நீதிபதி மறுபடி காகிதத்துக்குக் குனிந்தார். பிறகு, தொடருங்கள் என்றார். தமயந்தி தொடர்ந்தார். பழைய நில ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். குரல் கொஞ்சமும் ஏறவில்லை. குறுக்குக் கேள்விகள் கடுமையாகத்தான் வந்தன. எதற்கும் அவர் ஒதுங்கவில்லை. கடைசியில், இறுதி விசாரணை வரை தடை நீட்டிக்கப்பட்டது. ஆண்டிபட்டியில் பஸ் நின்றபோது பாப்பாத்தி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று அழுதாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அடுத்த சில மாதங்களில் அதே நீதிபதி நம் மாவட்டக் கோர்ட்டுகளை மேற்பார்க்கும் பொறுப்பு நீதிபதி ஆனார். புதுக் கோர்ட் கட்டடத்தைத் திறந்துவைக்க வருகிறார் என்றதும் ஃபிளெக்ஸ் போர்டுகள் எழுந்தன. யார் முதலில் சால்வை போடுவது என்பதில் அடிதடி வராத குறை. டெல்லிக்குப் போன மனுவில் இருப்பது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். யார் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் இதைப் படிப்பார்கள். நீதிபதிக்குப் பாராட்டு விழா நடத்தச் சங்கம் கொண்டுவந்த தீர்மானத்தைத் தமயந்தி எதிர்த்து எழுந்தபோது, "மேடம், ஒங்க கேசுலயே அவுக நல்லாத்தான செஞ்சாக?" என்று சங்கச் செயலாளர் மடக்கினார்.

"செஞ்சது சரி. அன்னைக்கு மேடையில பேசுனது தப்பு. ரெண்டையும் சேத்து அவுக முன்னாடி சொல்ல ஒங்களுக்குத் தைரியம் இருந்தா சொல்லுங்க, சால்வையத் தூக்கிக்கிட்டு நானும் வர்றேன்."

தீர்மானம் மட்டும் நிறைவேறியது.

இந்தத் தடவை பாப்பாத்தி கோபமாகவே வந்தாள். பழனிசெட்டிபட்டி வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஒரு துணியப் போத்துறதுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது, ஆத்தா? கேசு இன்னும் முடியல. அங்கன மெசினு நிக்கிது" என்றாள். நானும் அதையேதான் போனில் சொல்லியிருந்தேன், இன்னும் மோசமான வார்த்தைகளில். தமயந்தி அவளுக்குச் சொன்ன பதிலைப் பிற்பாடு என்னிடம் சொன்னார்: "நான் சால்வை போட்டா, அந்த உத்தரவு கும்பிட்டு வாங்குனதுன்னு ஆயிரும். அது தானம் இல்ல பாப்பாத்தி, ஒங்க நெலம்." அவள் சமாதானம் ஆகவில்லை. காப்பியைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரோடு பேச்சே இல்லை. அது தமயந்தியை எவ்வளவு அரித்தது என்று எனக்குத் தெரியும்.

விழாவுக்கு அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தார். கறுப்புக்கொடி காட்டிவிடுவாரோ என்று மஃப்டியில் இருந்த பெண் போலீஸ் அவர் கைப்பையைச் சோதித்தார். அதில் இருந்தது சாப்பாட்டு டப்பாவும் மாத்திரை அட்டைகளும். சால்வை வரிசை நீண்டது. தமயந்தி நாற்காலியை விட்டு அசையவில்லை. வரிசை முடிந்ததும் எழுந்து மேடைக்குப் போய் ஒற்றைத் தாளை நீட்டினார். வழக்குக்கு வரும் பெண்களுக்கான கழிப்பறை புதுக் கட்டடத்திலும் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். நீதிபதி படித்தார், அவரை நிமிர்ந்து பார்த்தார், அருகில் நின்ற அதிகாரியிடம் தாளைக் கொடுத்தார். அன்று சாயங்காலமே பூட்டு திறந்தது.

இரங்கல் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். அந்த நீதிபதியிடமிருந்து ஓர் அனுதாபச் செய்தி வந்திருந்தது. அச்சமில்லாத வழக்கறிஞர் என்று தமயந்தியைப் புகழ்ந்து எழுதியிருந்தார். வாசிப்பதா கூடாதா என்று அங்கேயே சண்டை மூண்டது. கூடாது என்று அதிகம் சத்தம் போட்டவன் நான்தான். அப்போது வாசலில் நின்றிருந்த பாப்பாத்தி உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"படிங்க, சார். நல்லா எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் படிங்க. படிச்சு முடிச்சிட்டு, எங்க கேசு அவுககிட்ட எப்ப வருதுன்னும் சொல்லுங்க."

செயலாளர் வாசித்தார். பிறகு நான் எழுந்து இறுதி விசாரணைத் தேதியைச் சொன்னேன்.

தமயந்தியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த வழக்கை. வேறு நீதிபதி கேளுங்கள், அந்தம்மாதான் போய்விட்டாரே, இனி என்ன வீம்பு என்று நண்பர்கள் புத்தி சொல்கிறார்கள். நான் கேட்கப்போவதில்லை. அந்த நீதிபதி முன்னால் போய் நிற்பேன். யாருக்காக ஆஜராகிறீர்கள் என்று கேட்பார். காலனி மக்களின் பெயரைச் சொல்வேன். அவர்களுடைய வழக்கறிஞர் தமயந்தி என்பதையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.