ஷவ்கி ஒட்டிய ஊத்

கெய்ரோவில் ஊத் என்ற தந்தி வாத்தியம் செய்யும் ஷவ்கிக்கு வயிற்றெரிச்சல்தான் காலைச் சாப்பாடு. எதிர்க்கடை வஹ்பாவும் ஊத்தான் செய்கிறான். ஆனால் வருகிறவர்களெல்லாம் ஷவ்கியைத் தாண்டிப் போய் அங்கே டீ குடிக்கிறார்கள். பற்றிக்கொண்டு வராதா?

இத்தனைக்கும் வஹ்பா இன்னும் மாட்டுத்தோலை உருக்கி, நாற்றமடிக்கும் தோல் பசையைத்தான் காய்ச்சுகிறான். ஷவ்கி வெள்ளைப் பசைக்கு மாறி ஏழு வருஷம். டப்பாவைத் திறந்தால் வேலை முடிந்தது.

வஹ்பா தங்கை கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தபோது, பாட்டு டீச்சர் இப்திஹால் அவன் செய்த ஊத்தோடு இங்கே வந்தாள். உள்ளே மேற்பலகையைத் தாங்கும் ஒரு சட்டம் ஒட்டு விட்டுப்போயிருந்தது.

"உஸ்தா, நாளன்னைக்குக் கச்சேரி. நீங்கதான் காப்பாத்தணும்."

"அவன் வேலை பல்லிளிச்சுடுச்சா? கொடுங்க டீச்சர்."

சூடான கத்தியும் வெந்நீரும் பட்டதும், ஒரு நார் கிழியாமல் மேற்பலகை கழன்று வந்தது. தோல் பசையின் குணம் அது. ஊத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரித்துப் பழுதுபார்க்கலாம். உள்ளே ஒரு சொட்டுப் பசை வழிந்திருக்கவில்லை. பாவி, என்ன வேலை! ஷவ்கிக்கு அடிவயிறு எரிந்தது.

சட்டத்தை ஒட்டினான். பலகையை மூடும்போது வெள்ளை டப்பாவை எடுத்தான். அதில் ஒட்டினால் அப்புறம் கிழியாமல் திறக்காது.

"இனி இதைத் திறந்து பாருடா, வஹ்பா!"

விளிம்பு முழுக்கத் தாராளமாகத் தடவி இறுக்கிக் கட்டினான்.

கச்சேரியன்று இப்திஹால் வந்து வாசித்துப் பார்த்தாள். "அருமை உஸ்தா! என் முதல் ஊத் நீங்க செஞ்சதுதான், தெரியுமா? போன வருஷம் வஹ்பா அதைப் பிரிக்கப் பாத்து, பலகை கிழிஞ்சே போச்சு."

ஷவ்கி வெள்ளை டப்பாவைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினான். "என்னைத் திட்டித் தீத்திருப்பானே?"

"ஐயோ, இல்லயே! 'என் கத்தி வழுக்கிடுச்சு, தப்பு என்னோடது'ன்னு சொல்லி, இதைச் செஞ்சு சும்மாவே கொடுத்தார். அதோ, வந்துட்டார் போல. காட்டிட்டுப் போறேன்."

"டீச்சர், இருங்க..."

அவள் தெருவைக் கடந்துவிட்டாள். வஹ்பா ஊத்தை வாங்கி, விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினான். மூக்கருகே வைத்து முகர்ந்தான். நிமிர்ந்து ஷவ்கியை ஒரு கணம் பார்த்தான். பிறகு அவளிடம் ஏதோ சொன்னான்.

"உஸ்தா ஷவ்கி! ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்களாம்!" அங்கிருந்தே கத்தினாள் இப்திஹால்.

படுபாவி, இந்தத் தடவையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஷவ்கிக்கு அவனைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.