ஏழாவது சுற்றா, எட்டாவதா

திங்கள் காலை என் முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை காலை அம்மா என்னை றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உந்த அத்தியாயம் நல்லபடியா முடியவேணும். நவக்கிரகத்தை ஒன்பது தரம் சுத்து."

அது ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அத்தியாயம் முழுதும் ஒரே ஒரு கூற்றின்மேல் நிற்கிறது. ஒரு வட்டத்துக்குள் இருக்கும் சிக்கலெண்களை ஒரு சார்பு தூக்கித் தளத்தில் வேறெங்கோ கொண்டுபோய் வைக்கிறது. எந்த இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் போய் விழாவிட்டால் அந்தச் சார்பை யுனிவேலன்ட் என்போம். சார்பு மாறும் வீதமான பெறுதி எங்கும் பூச்சியமாகாவிட்டாலே போதும், சார்பு யுனிவேலன்ட்தான் என்று எழுதியிருந்தேன். நிரூபணம் இரண்டு பக்கம்! கொஞ்சம் பெருமைகூட.

சுற்றத் தொடங்கினேன். மனம் முழுக்க அந்த இரண்டு பக்கம். சனி பகவானுக்கு முன்னால் வந்தபோது திடுக்கிட்டு நின்றேன்.

"அம்மா, இது ஏழாவதோ, எட்டாவதோ?"

"கணக்கிலை மாஸ்டர்ஸ் செய்யிறாய், ஒன்பது வரைக்கும் எண்ணத் தெரியேல்லையே?"

"எந்தச் சுத்திலை வந்தாலும் இந்த இடம் ஒரே மாதிரித்தானே இருக்கு!"

"ஓம், பின்னை மாறுமே? நட பிள்ளை, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

நடக்கவில்லை. நடக்க முடியவில்லை. நான் ஓரிடத்திலும் நிற்காமல், திரும்பாமல், முன்னோக்கியே நடந்திருக்கிறேன். ஆனாலும் அதே சனி பகவான்! அடுக்குக்குறிச் சார்பும் இதைத்தான் செய்கிறது: அதன் பெறுதி எங்கும் பூச்சியமாவதில்லை, ஆனால் வட்டம் போதிய அளவு பெரிதானால் அது சுற்றிவந்து தன்மேலேயே விழுகிறது. அருகருகே இருக்கும் புள்ளிகள் மோதாது என்று நிறுவிவிட்டு, 'ஆகவே எந்த இரண்டும் மோதாது' என்று நான் ஒரே தாவாகத் தாவியிருந்தேன். என் கூற்று பிழை. அத்தியாயமே போச்சு.

வீடு திரும்பும்போது அம்மா கார் ஓட்டினார். நான் அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் கிறுக்கினேன். தெற்கே போகும் ஒருவர் எவ்வளவு வளைந்தாலும், ஒவ்வொரு கணமும் கொஞ்சமாவது தெற்கே நகர்ந்தால், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரவே முடியாது. பெறுதியின் மெய்ப்பகுதி எங்கும் பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்று கேட்டால் அதேதான்! வட்டத்துக்குள் ஏதாவது இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணை. அந்தக் கோட்டில் நடக்க நடக்க, சார்பு கொண்டுபோய் வைக்கும் அதன் படமும் அதே திசையில் முன்னேறிக்கொண்டே இருக்கும். இரண்டு முனையும் எப்படி ஒன்றாகும்? நாலே வரி. புத்தகத்தில் முன்பே இருக்கும் தேற்றம்தான். நான் வாசிக்காமல் புரட்டிக்கொண்டு போன பக்கம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிவே இல்லாத அத்தனை புள்ளிகளையும், ஒன்றோடொன்று மோதாமல், இவ்வளவு சின்ன நிபந்தனை காத்து நிற்கிறது.

"என்ன, அழுறியோ?"

"இல்லையம்மா. வடிவா இருக்கு."

"உனக்கு உண்மையிலையே விசர்."

ஞாயிறு முழுதும் அத்தியாயத்தில் கொடுத்திருந்த பன்னிரண்டு உதாரணச் சார்புகளையும் புது நிபந்தனையில் போட்டுப் பார்த்தேன். ஏழு தேறின. இரண்டு பக்கத்தையும் அழித்து, நாலு வரியை எழுதினேன்.

திங்கள் காலை பேராசிரியர் அந்த நாலு வரியையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டார். தேறாத ஐந்தையும் எறியாதே, ஒவ்வொன்றும் எங்கே மோதுகிறது என்று பார் என்றார். பார்த்தேன். மூன்று மோதுகின்றன. மற்ற இரண்டும் நிபந்தனையை மீறிக்கொண்டே, எங்கேயும் மோதாமல் விரிகின்றன. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது.