ஏவியனும் ஓரியனும்

தேவிகுளத்தில் டைப்பிங் சென்டரில் சேர்ந்த முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். "எழுதிக் கொண்டாரதுல பிழை இருந்தா நீயே திருத்திரணும். ஒவ்வொண்ணுக்கும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." பெருமாட்டியிலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள் நான். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பிழை திருத்துவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஆசீர்வாதம் சார் ஒரு நோட்டோடு வந்தார். எபிரேய வேதத்தில் பெயராக மட்டும் மிஞ்சிய ஜனங்கள் உண்மையில் யார் என்று முப்பது வருடம் தேடி எழுதியது. ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து ஐம்பது பிரதி எடுக்க வேண்டும்.

"ஏத்தியர்னு ஒரு ஜனம். வெறும் பேருதான்னு நெனச்சாங்க. துருக்கியில தோண்டுனப்ப அவங்க தலைநகரமே கெடச்சுது" என்றார். "ஏவியர்ங்கிற ஜனத்தைத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கல. அதுக்கு நான் ஒரு வழி வச்சிருக்கேன்."

பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு வேத வசனங்களை எடுத்து எழுதியிருந்தார். முதல் வசனத்தில் சிபியோன் என்பவன் ஏவியன். அடுத்ததில் அதே சிபியோன் ஓரியன். சாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. எழுதும்போது தடுமாறியிருப்பார் என்று நினைத்து, இரண்டாவதையும் ஏவியன் என்றே அடித்தேன்.

"படிச்சு ஒத்துப் பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்துட்டனுங்க சார்."

அது போதும் என்றார். பிரதிகள் தபாலில் போயின. பல வாரம் கழித்து ஒரே ஒரு கார்டு வந்தது. படித்துக் காட்டச் சொல்லி என்னிடமே கொண்டு வந்தார். வேதாகமக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: 'பன்னிரண்டாம் பக்கத்தில் வசனத்தையே மாற்றி எழுதியிருக்கிறீர்கள். மேற்கொண்டு வாசிக்க மனம் வரவில்லை.'

"நாந்தானுங்க சார் மாத்துனேன். நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

அவர் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரே ஆளை ஏவியன் என்றும் ஓரியன் என்றும் வேதம் சொல்வதால் ஏவியரும் ஓரியரும் ஒரே ஜனம் என்பதுதான் அவருடைய வழி. ஓரியரின் தடயங்கள் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கின்றன. எபிரேயத்தில் அந்த இரு பெயருக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். இதையெல்லாம் அன்றுதான் எனக்கு விளக்கினார்.

"திருத்தம் அடிச்சு ஐம்பது பேருக்கும் அனுப்பிரலாங்க சார்."

"அதுக்கில்லம்மா. பழைய காலத்துல பிரதி எடுத்தவன் ஒரு எழுத்தைத் தவறா எழுதியிருப்பான், ரெண்டு பேரு வந்ததே அதனாலதான்னு படிச்சவங்க சொன்னாங்க. நான் ஒத்துக்கல. வேதத்தை எழுதுறவன் அவ்வளவு அசட்டையா இருப்பானான்னு கேட்டேன்." என்னைப் பார்த்தார். "நீ அசட்டையா அடிக்கலியே. அக்கறையாத்தானே அடிச்சே."

நான் கையிலிருந்த கார்டை அவரிடம் நீட்டினேன்.

"அந்தப் பிரதி எடுத்தவனும் அப்படித்தான் எழுதியிருப்பான் போல. அப்ப என் வழி நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

திருத்தச் சீட்டை நானே அடித்து அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. இரண்டாம் நோட்டும் இருப்பதாக முன்பு சொல்லியிருந்தார். அதை அவர் கொண்டுவரவே இல்லை. இரண்டு வருடத்தில் இறந்துபோனார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எழுதியவரிடம் போய்க் கேளுங்கள், முதலாளி திட்டினாலும் சரி. நான் இதைக் கற்றுக்கொள்ள, சாருடைய முப்பது வருடம் போயிற்று.